நாலு இஞ்ச் பைப்பும் பனி ராணியும்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய், "நாலு இஞ்ச் பிவிசி பைப்புல ஒரு இஞ்ச் அகலத்துக்கு ரெண்டு வளையம் அறுத்துக் குடுங்கண்ணா" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பைப்பு வேண்டாம், வளையம் மட்டும் வேண்டும் என்று கேட்கிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது.

"எந்த லைனுக்கும்மா?"

"லைனுக்கு இல்லண்ணா. கண்ணாடி பண்ணணும். மூக்குக்கண்ணாடி."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கிடந்த துண்டுப் பைப்பில் அறுத்துக் கொடுத்துவிட்டு, காசும் வேண்டாம் என்றுவிட்டார்.

நான் தையல்காரி. கிருஷ்ணகிரியில் கடை போட்டு 11 வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஓசூர் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் 7 வருஷம் சட்டைக் காலர் மட்டும் தைத்தேன். உடம்பும் கையும் வேறு யாரோ தைப்பார்கள், நான் காலர். ஒரு முழுச்சட்டையைத் தனியாளாகத் தைத்து முடித்தது அந்த வேலையை விட்ட பிறகுதான். கடையில் வருவதெல்லாம் வழக்கமான வேலை: பிளவுஸ், சுடிதார், ஜூனில் யூனிஃபார்ம், ஆகஸ்ட் 15-க்கும் நவம்பர் 14-க்கும் மாறுவேடப் போட்டி. பாரதியார் தலைப்பாகையும் ஜான்சி ராணி கச்சையும் கண்ணை மூடிக்கொண்டு தைப்பேன். கத்திரிக்காயும் தக்காளியும்கூடத் தைத்திருக்கிறேன்.

ஹாலோவீன் ஆர்டர் முதலில் வந்தது 2018-ல். கிருஷ்ணகிரியில் பிறந்து, கல்யாணமாகி ஓசூரில் அபார்ட்மென்ட்டில் இருக்கிற ஒரு அம்மா. பிளவுஸ் மட்டும் என்னிடம்தான் தைப்பார். அக்டோபர் 31 ராத்திரி பிள்ளைகள் வேஷம் போட்டு வீடுவீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள், எங்கள் பிளாக்கில் இந்த வருஷம் நடத்துகிறோம் என்றார். மறுநாள் நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர் திருநாள், அதற்கு முந்தின ராத்திரிதான் இது என்றும் சொன்னார். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் எனக்குத் தெரியும். பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போகிற கூட்டத்தைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன்.

"பேய் வேஷம்தானே?" என்றேன். எனக்குக் காவேரிப்பட்டணம் மயானக் கொள்ளைதான் ஞாபகம் வந்தது. மாசியில் சிவராத்திரி முடிந்த மறுநாள், நாக்கைத் தொங்கவிட்டுக் காளி வேஷம் கட்டி ஆடி வருகிறவர்களைப் பார்த்துப் பயந்து அம்மா முந்தானைக்குள் ஒளிந்தவள் நான். அந்த மாதிரி ஒன்று என்றால் கறுப்புத் துணியும் சிவப்பு ரிப்பனும் போதும்.

அவர் வாட்ஸப்பில் படம் அனுப்பினார். வெளிர் நீலத்தில் தரை வரைக்கும் பளபளவென்று ஒரு கவுன், முதுகில் கண்ணாடி மாதிரி ஒரு மேலங்கி.

"இது பேயாக்கா?"

"பேய் இல்ல, எல்சா. 'ஃப்ரோசன்' படத்துல வர்ற பனி ராணி."

சாவுக்கும் பேய்க்கும் சம்பந்தப்பட்ட ராத்திரிக்கு ஏன் பனி ராணி என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. வெள்ளைக்காரன் ஊர்ப் பண்டிகை ஓசூர் வரை வருவதற்குள் பேய் எங்கோ வழியில் இறங்கிவிட்டது, வேஷம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு வேலை வேஷத்தில்தானே.

படத்தை வைத்துக்கொண்டு அளவு எடுக்க உட்கார்ந்தால்தான் வில்லங்கம் தெரிந்தது. அந்த உருவத்துக்கு இடுப்பு தலையைவிடச் சின்னது. வரைகிறவனுக்கு எலும்பும் கிடையாது, குடலும் கிடையாது, இஷ்டத்துக்கு வளைப்பான். என் முன்னால் நிற்பது 5 வயதுப் பிள்ளை. மார்பு 23, இடுப்பு 22. சாப்பிட்டுவிட்டு வந்திருந்தால் இடுப்பும் 23. அந்த அம்மாவோ போனை நீட்டி, "இதே மாதிரி வரணும்" என்கிறார். பிள்ளையின் வயிற்றைப் பிடித்து இறுக்கவா முடியும்? முன்பக்கத்தை மூன்றாகப் பிரித்து, நடுவில் வெளிர் நீலமும் இரண்டு ஓரத்திலும் அடர் நீலமும் வைத்தேன். ஓரம் இருட்டாக இருந்தால் கண் நடுத்துணியை மட்டும்தான் உடம்பு என்று எடுத்துக்கொள்ளும். இடுப்பு தானாக ஒடுங்கிவிடும். இந்த வெட்டுக்கு எங்கள் தொழிலில் பேரே பிரின்சஸ் கட். அத்தனை வருஷம் அந்தப் பேரைச் சொல்லி பிளவுஸ் தைத்திருக்கிறேன், ராணிக்கே தைத்தது அன்றுதான்.

மேலங்கிக்கு ஆர்கன்சா, கண்ணாடி மாதிரி மெல்லிய துணி. அதில் பனிப்பூ வரைய வேண்டும். என்னிடம் வேலை செய்கிற பெண் கோலத்தில் கெட்டிக்காரி, வெள்ளிப் பெயின்ட்டில் மளமளவென்று போட்டுவிட்டாள். டிரயலுக்கு வந்த பிள்ளை விரல் விட்டு எண்ணியது. "ஆன்ட்டி, இது எட்டு. ஸ்நோவுக்கு ஆறுதான் இருக்கும்." நாங்கள் இருவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். ஆலங்கட்டி மழை பார்த்திருக்கிறோம், பனிப்பூவை எங்கே பார்த்தோம்? யூடியூபில் தேடினால் பிள்ளை சொன்னதுதான் சரி. தண்ணீர் உறையும்போது அதன் துகள்கள் ஆறு மூலையாகத்தான் கோர்த்துக்கொள்ளுமாம், அதனால் ஆறு கை. கோலக்காரி கொஞ்ச நேரம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இருந்துவிட்டு, "அக்கா, அப்ப இது நேர்ப்புள்ளி இல்ல, இடைப்புள்ளி" என்றாள். 5 புள்ளி வைத்து, இருபக்கமும் இடையில் இடையில் வைத்து 3-ல் நிறுத்தினால் 19 புள்ளி, அச்சு அசல் அறுகோணம். வாசலில் தினம் வைக்கிற புள்ளிதான். பழைய எக்ஸ்ரே ஷீட்டில் புள்ளி வைத்துக் குத்தி அச்சாக்கி, அதன் மேல் பஞ்சால் பெயின்ட்டை ஒற்றி எடுத்தோம். இன்றைக்கும் அந்த ஷீட் கடைச் சுவரில் தொங்குகிறது. யாரோ ஒருத்தருடைய நெஞ்செலும்பில் பனிப்பூ. பேய் எங்கேயும் இறங்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த மேலங்கியில் ஒரு தப்பு செய்தேன். கம்பெனிப் பழக்கம், எதையும் அசையாமல் லாக் அடித்துத் தைப்பது. மேலங்கியையும் தோளோடு சேர்த்து இரட்டைத் தையல் போட்டேன். கடைப் படியில் பிள்ளை இறங்கும்போது பின்னால் வந்த அதன் அண்ணன் துணியை மிதித்துவிட்டான். துணி கிழிந்திருந்தால் பரவாயில்லை, கிழியவில்லை. கழுத்து பின்னால் இழுபட்டு, பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஒரு நொடிதான். தொண்டையில் சிவப்பாக ஒரு கோடு. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்று ராத்திரி எல்லாத் தையலையும் பிரித்துவிட்டு இரண்டு தோளிலும் ஒரு இஞ்ச் வெல்க்ரோ, அந்த ஒட்டிப் பிரிக்கிற பட்டை, வைத்தேன். இழுத்தால் கையோடு வந்துவிடும். அன்றிலிருந்து என் கடையில் மேலங்கி, இறக்கை, வால் எதையும் உடம்போடு சேர்த்துத் தைப்பதில்லை. ரொம்ப நாள் கழித்து 2004-ல் வந்த 'தி இன்க்ரெடிபிள்ஸ்' படத்தைப் பார்த்தேன். சூப்பர் ஹீரோக்களுக்கு உடை தைக்கிற குள்ளமான அம்மா ஒருத்தி அதில் வருகிறாள். மேலங்கி வைக்கவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எதிலாவது மாட்டிக்கொண்டு செத்தவர்களின் கணக்கையும் சொல்கிறாள். நம்ம தொழில்காரி என்று கைகூப்பத் தோன்றியது.

மினியனுக்கு வருகிறேன். 2010-ல் 'டெஸ்பிகபிள் மீ' வந்ததிலிருந்து பிள்ளைகள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற மஞ்சள் உருவம். மாத்திரை மாதிரி உடம்பு. கழுத்து கிடையாது, தோள் கிடையாது. நாங்கள் டேப்பை வைப்பதே தோளில்தான். மெத்தை ஃபோமில் செய்து பார்த்தேன், பிள்ளை 5 நிமிஷத்தில் வேர்த்து விறுவிறுத்துவிட்டது. கடைசியில் கைகொடுத்தது யோகா மேட். 6 அடி நீளம், 2 அடி அகலம். குறுக்கே பாதியாக வெட்டிச் சுருட்டினால் ஒரு மேட்டில் 2 மினியன். அந்த 2 அடி, பிள்ளையின் உச்சந்தலைக்கு மேல் 3 விரல் விட்டு இடுப்பு வரை வரும். மேட் ஊதாவோ பச்சையோ, மேலே மஞ்சள் பனியன் துணியை இழுத்துவிட்டால் தெரியாது. உச்சியில் நாலைந்து ஓட்டை போட்டு, கறுப்பு வயரை முடியாக நட்டு, ஓட்டையை மூடாமல் விடவேண்டும். சூடு அதன் வழியாகப் போகும். ஒட்டுகிற பசையின் நாற்றம் போக 2 நாள் வெளியில் காயப்போட வேண்டும், இதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

பிள்ளை பார்ப்பது மினியனின் வாய் வழியாக. வாயில் கறுப்புக் கொசுவலையை இரண்டு மடிப்பாக வைப்பேன். உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம், அதனால் உள்ளே இருக்கிறவனுக்கு வெளியே தெரியும், வெளியே இருக்கிறவனுக்குக் கறுப்பாகத்தான் தெரியும். ராத்திரி பிள்ளை முகத்தில் யாராவது டார்ச் அடித்தால் மட்டும் குட்டு வெளிப்பட்டுவிடும். மினியன் போடுகிற டங்ரியை, அதாவது தோள்பட்டி வைத்த பேன்ட்டை, படத்தில் இருக்கிற மாதிரி ஒரே உடுப்பாகத் தைக்க மாட்டேன். மேலே வெறும் பட்டி, கீழே எலாஸ்டிக் வைத்த பேன்ட், இரண்டும் தனித்தனி. பாத்ரூம் போக அம்மாவைத் தேடி அழுத ஒரு பையன் கற்றுக்கொடுத்த பாடம். கண்ணாடிக்குத்தான் முதலில் சொன்ன பைப்பு வளையம். அதன் மேல் வெள்ளி டேப், இரண்டையும் சேர்த்துக் கறுப்பு எலாஸ்டிக். வளையத்தை மாட்டாத வரை அது யோகா மேட். மாட்டிய நொடியில் தெருவே "மினியன்" என்று கத்தும்.

இதில்தான் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. இப்போதெல்லாம் அம்மாக்கள் காட்டுகிற போட்டோவைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பிள்ளையிடம் பிரவுன் பேப்பரும் சாக்கும் கொடுத்து, பார்க்காமல் வரை என்பேன். அது எதை முதலில் போடுகிறதோ அதற்குத்தான் காசும் நேரமும் செலவழிக்க வேண்டும். எல்சா என்றால் கவுன் வராது, தோளில் முன்னால் விழுகிற ஒற்றைப் பின்னல்தான் முதலில் வரும். 2016-ல் வந்த 'மோனா'வுக்குக் கழுத்தில் தொங்குகிற நீலச் சிப்பி. போட்டோவில் 20 விஷயம் இருக்கும், பிள்ளை மனசில் இரண்டோ மூன்றோதான்.

ஒரு பையன் 'டாய் ஸ்டோரி' ஊடி வேண்டும் என்றான். 1995-ல் வந்த படம், அவன் அப்பாவே அப்போது சின்னப் பையனாக இருந்திருப்பார். தொப்பி வரைவான், பசுமாட்டுப் புள்ளி போட்ட சட்டைக்கோட்டு வரைவான் என்று காத்திருந்தேன். அவன் ஒரு பாதத்தை வரைந்து அதற்குள் கோடு கிறுக்கினான். அந்தப் பொம்மைக்குச் சொந்தக்காரப் பையனின் பேர் அதன் பூட்ஸ் அடியில் எழுதியிருக்குமாம். "நடந்தா யாருக்குடா தெரியும்?" என்றேன். "எனக்குத் தெரியும்ல" என்றான். சரி, பெயின்ட் மார்க்கரை எடுத்து அவன் பேரை எழுதப் போனேன். காலை இழுத்துக்கொண்டான். "என் பேரு இல்ல, ஆயா பேரு எழுதுங்க." பொம்மை யாருடையதோ அவர்கள் பேர்தானே இருக்க வேண்டும் என்று விளக்கம் வேறு. கூட வந்திருந்த அந்த ஆயா, அவன் பாட்டி, ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவருக்குப் படமும் தெரியாது, எழுதுவதும் தெரியாது. அவர் பேரைச் சத்தமாகச் சொல்லச் சொல்லி, அவன் ரப்பர் பூட்ஸ் அடியில் எழுதினேன்.

காசு விஷயம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பேசினால் வயிறு எரியும். எல்சாவுக்கு 1,400 ரூபாய் சொன்னால் ஆன்லைனில் 800-க்கு இருக்கே என்பார்கள். இருக்கிறது. அதில் லைனிங் இருக்காது, நெட் தொடையில் உரசிச் சிவந்துபோகும். ஒரு பள்ளிக்கூடம் 22 வேஷத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு 3 நாள் முன்னால் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டது. அந்த மஞ்சள் துணியில் தலையணை உறை தைத்து விற்றேன்.

2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்து நின்றன, அக்டோபர் 31. பிளவுஸ் மலை மாதிரிக் குவிந்திருக்கும்போது, அபார்ட்மென்ட்டில் பார்ட்டியை 26-ம் தேதி சனிக்கிழமைக்கு முன்னால் இழுத்துவிட்டார்கள். எப்படியோ கொடுத்துவிட்டேன். ஆனால் பிள்ளை சும்மா இருக்குமா? தீபாவளி ராத்திரியும் அதே எல்சா கவுனைப் போட்டுக்கொண்டு கம்பி மத்தாப்பு பிடித்திருக்கிறது. மறுநாள் போட்டோ வந்தது, பாவாடை நெட்டில் மிளகு மிளகாக ஓட்டை. நெட் பருத்தி மாதிரி எரிந்து சாம்பலாகாது, உருகித் தோலில் ஒட்டும். உள்ளே பருத்தி லைனிங் இருந்ததால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஒவ்வொரு உடையிலும் சின்னத் துணிச்சீட்டு வைத்துத் தைக்கிறேன்: மத்தாப்பு, விளக்கு பக்கத்தில் போடாதீர்கள்.

கூத்து வாத்தியார் ஒருத்தர் வருஷா வருஷம் பங்குனியில் பாவாடை, கச்சை எல்லாம் சரிபார்க்கக் கொண்டுவருவார். அவர் சாமான்கள் எனக்கு எப்போதும் அதிசயம். கிரீடமும், தோளில் கட்டுகிற புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, காகிதமும் கண்ணாடித் துண்டும் ஒட்டியது. தூக்கினால் கனமே இருக்காது. விடிய விடியச் சுற்றி ஆடுகிறவன் மேல் கனம் ஏற்றினால் ஆட்டம் எங்கிருந்து வரும்? ஆணியில் தொங்கிய மினியன் கண்ணாடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணை மட்டும் பெருசு பண்ணிட்ட. சரிதான், கடைசி வரிசையில குந்தினவனுக்கும் தெரியணும்ல" என்றார். யார் இது, என்ன படம் என்று கேட்கவே இல்லை.

வெல்க்ரோவைக் காட்டினேன். கிழித்துக் கிழித்து ஒட்டிப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். புஜக்கட்டையைக் கட்டுகிற கயிறு அக்குளை அறுக்கிறது, அதற்குப் பதில் இதை வைத்துக் கொடு என்றார். நல்ல அகலமாக, இரட்டைத் தையலில் வைத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் வந்து நின்றார். கழுத்தோரம் அரிதாரம் இன்னும் சரியாகப் போகவில்லை. "துரியோதனன் தோளைக் குலுக்கிப் பேசறேன், கர்ருனு சத்தம். மைக்குல கேட்டிருச்சு. முன்னால குந்தியிருந்த பசங்க சபையே சிரிக்குது. கயிறே வெச்சுக் குடு தாயி."

பிரித்துவிட்டுக் கயிறு வைத்தேன். காசு வாங்கவில்லை. கழற்றிய வெல்க்ரோவைக் கழுவிக் காயவைத்தேன், அக்டோபரில் ஒரு மேலங்கிக்கு ஆயிற்று.