காஸ்ஃபோர்டில் ஒரு குட்டி வல்கன்

பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட்டில் ஷ்ரூஸ்பரி ரயிலைப் பிடித்தால் முக்கால் மணி நேரத்தில் காஸ்ஃபோர்ட். சின்ன நிலையம். ஜூலை மாதத்துச் சனிக்கிழமை காலை என்னோடு இறங்கியவர்களில் பாதிப் பேர் கையில் மடக்கு நாற்காலி இருந்தது. வழி கேட்க வேண்டிய தேவையே இல்லை, அவர்கள் பின்னாலேயே நடந்தேன்.

காஸ்ஃபோர்ட் பிரிட்டிஷ் விமானப்படையின் பயிற்சித் தளம். பக்கத்திலேயே விமானப்படை அருங்காட்சியகம். லார்ஜ் மாடல் அசோசியேஷன் என்ற அமைப்பு இந்த ஓடுபாதையில் நடத்தும் விழாவுக்குத்தான் வந்திருந்தேன். ரேடியோ மூலம் இயக்கும் ராட்சத மாதிரி விமானங்கள். சிறுவயதில் தெர்மோகோலை வெட்டி, ரப்பர் பேண்டு கட்டி மொட்டை மாடியிலிருந்து விட்டவன் நான். அந்த ஆசை இன்னும் போகவில்லை.

நிகழ்ச்சி தொடங்க நேரம் இருந்ததால் முதலில் அருங்காட்சியகத்துக்குள் போனேன். பனிப்போர் அரங்கில் வேலியன்ட், விக்டர், வல்கன் என்ற மூன்று குண்டுவீச்சு விமானங்களையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். உலகத்தில் வேறெங்கும் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க முடியாது. என் கால் வல்கனுக்கு அடியில்தான் நின்றது. 33.8 மீட்டர் அகல முக்கோண இறக்கை, தலைக்கு மேலே பந்தல் போட்டது போல. எக்ஸ்எம்598 என்று எண் எழுதியிருந்தது. அன்று மாலை மறுபடி இதன் அடியில் வந்து நிற்பேன் என்று அப்போது நினைக்கவில்லை.

வெளியே வந்து, விமானங்களை நிறுத்தி வைத்திருக்கும் இடத்தின் கயிற்றோரம் நடந்தபோது அதே வல்கன், எட்டில் ஒரு பங்காகச் சுருங்கி, புல்லில் நின்றிருந்தது. இறக்கை முனைக்கு முனை நாலேகால் மீட்டர். எடை 45 கிலோ என்று பக்கத்தில் நின்ற பெரியவர் சொன்னார். கட்டியவர் அவர்தான். கூட இருந்த பெண் அவருடைய மகள். நான் ஆர்வமாகக் குனிந்து பார்ப்பதைக் கண்டு, வல்கன் வயிற்றுப் பக்கத்து மூடியைக் கழற்றிக் காட்டினார்.

உள்ளே பிளைவுட் விலாக்கள், அவற்றின் நடுவில் எடை குறைக்க வெட்டிய வட்ட ஓட்டைகள், மேலே பால்சா மரத் தகடு, அதற்கும் மேலே கண்ணாடி இழைத் துணியும் ரெசினும். ஒவ்வொரு விலாவின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு எண், ஒரு தேதி. இதைக் கட்ட நான்கு வருடம் ஆனதாம். பிரிட்டனில் மாதிரி விமானம் 25 கிலோவைத் தாண்டினால் தனி அனுமதி வேண்டும். கட்டி முடித்துவிட்டுப் போய்க் காட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தோல் போர்த்துவதற்கு முன்பே ஆய்வாளர் வந்து எலும்புக்கூட்டைப் பார்ப்பார். ஒட்டு சரியா, இறக்கைப் பலகைகளை அசைக்கும் சின்ன மோட்டார்களான சர்வோக்களுக்குப் போதிய பலம் இருக்கிறதா, பேட்டரி இரண்டு தனித்தனி வழியில் இணைத்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கூட்டம் இல்லாத இடத்தில் சோதனைப் பறப்புகள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் இப்படி மக்கள் முன்னால்.

இன்ஜின் இரண்டு. நிஜ வல்கனுக்கு நான்கு. வெளியே நான்கு குழாய் தெரியும், உள்ளே இரண்டுதான். ஒவ்வொன்றும் 22 கிலோ உந்துவிசை தரும் நிஜமான ஜெட் டர்பைன். மின்விசிறி வைத்து ஏமாற்றும் வேலை இல்லை. நீள வாக்கில் நம் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை கூட வராது. இந்த அளவில் டர்பைன் செய்ய முடியும் என்று 1980-களின் இறுதியில் காட்டியவர்களில் ஜெர்மனியின் கூர்ட் ஷ்ரெக்லிங் முக்கியமானவர். காற்றை அமுக்கும் சக்கரத்தை அவர் பிளைவுட்டில் செய்து கார்பன் இழை சுற்றினார். இன்றைக்கு அது அலுமினியம். முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சுற்றும்.

எரிபொருள் மண்ணெண்ணெய். பம்ப் ஸ்டவ் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த டர்பைன் சட்டென்று புரியும். ஸ்டவ்வில் பர்னர் குழாய் சூடானால்தான் மண்ணெண்ணெய் ஆவியாகி நீலமாக எரியும். சூடாகாவிட்டால் மஞ்சளாகப் புகைந்து பாத்திரம் கரியாகும். டர்பைன் உள்ளேயும் அதே கதை. எரியும் அறைக்குள் சின்னச் சின்னக் குழாய்கள் இருக்கின்றன, மண்ணெண்ணெய் அவற்றுக்குள் போய் ஆவியாகி எரிகிறது. அந்த மண்ணெண்ணெயிலேயே கொஞ்சம் டர்பைன் எண்ணெய் கலந்திருப்பார்கள், பேரிங்குக்கு அதுதான் மசகு. பெரியவரிடம் ஸ்டவ் கதையைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. அவர் அம்மா வீட்டிலும் அப்படி ஒரு ஸ்டவ் இருந்ததாம்.

பதினோரு மணிக்கு அவர்கள் முறை. இடது டர்பைன் பிடித்துக்கொண்டது. முதலில் ஸ்டார்ட்டர் மோட்டாரின் மெல்லிய ரீங்காரம், பிறகு ‘பப்’ என்று ஒரு தீப்பற்றல், அப்புறம் ஊளை மேலே மேலே ஏறி நிலைத்தது. வலது டர்பைன் பாதி வேகம் வந்து நின்றது. மறுபடி முயன்றார்கள். மறுபடியும் நின்றது. பெரியவர் இடதையும் அணைத்துவிட்டார். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

எரிபொருள் குழாயில் காற்றுக்குமிழி. மகள் புல்லில் படுத்துக்கொண்டு, கண்ணாடி போன்ற அந்த மெல்லிய குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடுகு அளவு குமிழி ஒன்று, மஞ்சள் திரவத்துக்குள் நகர்ந்து போனது எனக்கும் தெரிந்தது. நிமிடத்துக்கு லட்சம் தடவை சுற்றும் இயந்திரத்துக்கு அந்தக் கடுகு போதும், தீ அணைந்துவிடும். ஒரு இணைப்பு லேசாகத் தளர்ந்திருந்தது. அதை வெட்டிப் புதிதாகப் பொருத்தி, குழாய் முழுக்க மண்ணெண்ணெய் ஓடவிட்டுக் காற்றை வெளியேற்ற ஒரு மணி நேரம். இருவரும் ஒரு வார்த்தை கூடக் கடுமையாகப் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த முறை பிற்பகல் இரண்டரைக்குக் கிடைத்தது. கிளம்புவதற்கு முன் அவர்கள் செய்த ஒரு காரியம்தான் என் மனதில் அப்படியே நிற்கிறது. பெரியவர் டிரான்ஸ்மிட்டரின் குச்சியை ஒரு பக்கம் தள்ளினார். மகள் விமானத்தின் பின்னால் நின்று, இறக்கை விளிம்பில் எந்தப் பலகை ஏறுகிறது, எது இறங்குகிறது என்று பார்த்து உரக்கச் சொன்னார்: “வலது மேலே, இடது கீழே.” அடுத்து மறுபக்கம். அடுத்து மேல், கீழ். காலையிலும் இதைத்தான் செய்தார்கள். இடையில் அந்தக் கம்பிகளை யாரும் தொடவே இல்லையே என்றேன்.

“சாட்விக் எப்படி இறந்தார் என்று தெரியுமா?” என்று கேட்டார் பெரியவர்.

எனக்குத் தெரியும், ஆனால் அந்த இடத்தில் அது நினைவுக்கு வரவில்லை. ராய் சாட்விக், ஏவ்ரோ நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர். வல்கனின் முக்கோண இறக்கைக்கு வித்திட்டவர். 1947 ஆகஸ்ட் 23 அன்று வுட்ஃபோர்டில் டியூடர் என்ற இன்னொரு விமானத்தின் சோதனைப் பறப்பில் அவரும் ஏறியிருந்தார். அதில் எய்லரான் என்ற, விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகைகளின் கேபிள்களை மாற்றி இணைத்துவிட்டிருந்தார்கள். விமானி ஒரு பக்கம் திருப்ப, விமானம் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. கிளம்பிய சற்று நேரத்திலேயே விழுந்தது. வல்கன் முதன்முதலாகப் பறந்தது அதே வுட்ஃபோர்டிலிருந்து, 1952 ஆகஸ்ட் 30 அன்று. சாட்விக் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து.

இடைப்பட்ட காலத்தில் ஏவ்ரோகாரர்களும் சின்னதாக ஒன்றைக் கட்டித்தான் பார்த்தார்கள். வல்கனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவு, ஆள் உட்கார்ந்து ஓட்டும் ஏவ்ரோ 707. 1949 செப்டம்பர் 4-ல் பறந்தது, அதே மாதம் 30-ல் விழுந்து விமானியும் போனார். அதற்குப் பிறகும் விடாமல் அடுத்தடுத்த 707-களைக் கட்டினார்கள்.

இந்த முறை இரண்டு டர்பைன்களும் பிடித்துக்கொண்டன. பிரேக்கை விட்டதும் விமானம் ஓடியது, மூக்கு தூக்கியது, எழும்பிவிட்டது. நான் கைதட்டவில்லை, வாயைத் திறந்துகொண்டு நின்றேன். ஏன் இவ்வளவு பெரிதாகக் கட்டுகிறார்கள் என்பது அந்த நொடியில் கண்ணுக்குத் தெரிந்தது. சின்ன மாதிரி ஜெட் வானத்தில் குளவி போல விர்ரென்று போகும். அது இறக்கை, காற்று, எடை மூன்றுக்கும் உள்ள கணக்கு. நிஜ வல்கன் இறங்கும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 240 கிலோமீட்டர். எட்டில் ஒரு பங்கு மாதிரி அதே கம்பீரத்தில் தெரிய வேண்டுமென்றால் எட்டின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும், 85 கிலோமீட்டர் வரும். அளவு பெரிதாகப் பெரிதாகத்தான் அந்த வேகத்தில் நிதானமாக மிதக்க முடியும். இது மிதந்தது. சாய்ந்து திரும்பியபோது முக்கோணம் முழுதாக எங்கள் பக்கம் விரிந்தது. நிஜ வல்கன் விசையைக் கூட்டும்போது எழுப்பும் அந்தப் புகழ்பெற்ற ஊளை மட்டும் இதில் இல்லை. டர்பைனின் கூர்மையான விசில்தான். கண்ணை மூடினால் வேறு விமானம். நான் கண்ணை மூடவில்லை.

இறங்குவதுதான் பயம். முக்கோண இறக்கை மூக்கைத் தூக்கித் தூக்கி வேகம் குறைக்கும். அப்போது காற்றின் தடை ஏறிக்கொண்டே போகும், அதை ஈடுகட்ட விசை வேண்டும். டர்பைனோ குச்சியைத் தள்ளியவுடன் விசை தராது, சுற்று ஏறச் சில நொடிகள் எடுக்கும். அதனால் வேண்டிய விசையை முன்கூட்டியே யோசித்துத் தர வேண்டும். பெரியவர் பின்னால் நின்ற மகள் உயரத்தையும் காற்றையும் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். பின் சக்கரங்கள் தொட்டன. மூக்கை உடனே இறக்காமல் தூக்கியே வைத்திருந்தார், அந்தப் பெரிய இறக்கையே பிரேக். வல்கன் விமானிகளும் அப்படித்தான் செய்வார்கள். ஓடுபாதை பாதி போன பிறகு மூக்குச் சக்கரம் மெல்ல உட்கார்ந்தது.

பறந்தது எட்டு நிமிடம்.

திரும்பி வந்ததும் இன்ஜின்களை நிறுத்தினார்கள், ஆனால் சத்தம் நிற்கவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் டர்பைனைச் சுற்றி, காற்றை ஓடவிட்டு, சூடு 100 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை ஆற வைத்துக்கொண்டிருந்தது. பெரியவர் இறக்கையில் கைவைத்தபடி அது ஓயும் வரை நின்றார். அதன் பிறகுதான் மகள் கொடுத்த தேநீரை வாங்கினார்.

என் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. மறுபடி பனிப்போர் அரங்குக்குள் போய், எக்ஸ்எம்598-க்குப் பின்னால் சுற்றிப் போனேன். காலையில் இறக்கையின் முன் விளிம்பை மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பின் விளிம்பில் பக்கத்துக்கு நான்காக எட்டுப் பலகைகள். ஒவ்வொன்றாக எண்ணினேன்.