412 கையெழுத்தும் 7 கையெழுத்தும்

எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியின் தூணில் சுத்தம் செய்த தேதியை எழுதியிருப்பார்கள். தேதி மட்டும் மாதாமாதம் மாறும். தொட்டியை யாரும் திறப்பதில்லை. 2022 கோடையில் குழாய்த் தண்ணீரில் புழு வந்த பிறகுதான், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டேன். ஊராட்சி வவுச்சர்களை நேரில் பார்க்க அனுமதி கிடைத்தது. தொட்டி கழுவிய கூலி என்று எங்கள் தெரு அக்கா ஒருவர் பெயரில் வரிசையாக வவுச்சர். எல்லாவற்றிலும் அழகான கையெழுத்து. அந்த அக்கா கைநாட்டு வைக்கிறவர்.

ஊராட்சித் தலைவரை இறக்கியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தோம். மகளிர் குழுப் பெண்கள் மூன்று வாரம் வீடு வீடாகப் போய் 412 கையெழுத்து வாங்கினார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸில் கொடுத்தோம். நாற்பது நாள் கழித்து, மனு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பப்பட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அவ்வளவுதான்.

அப்புறம்தான் ஒரு வக்கீல் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். மத்தியப் பிரதேசத்தில் நகராட்சித் தலைவரைத் திரும்ப அழைக்க மக்களே ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரை அப்படி இறக்க வழியில்லை. கலெக்டர் தானாக நடவடிக்கை எடுக்காவிட்டால், வார்டு உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் குற்றச்சாட்டுகளை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதை இரண்டு உறுப்பினர்கள் கலெக்டரிடம் நேரில் கொடுக்க வேண்டும். ஊர் மக்கள் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டாலும் அது வெறும் புகார் மனுதான். இது முதலிலேயே தெரிந்திருந்தால் அந்த மூன்று வாரத்தையும் உறுப்பினர்கள் வீட்டு வாசலில் கழித்திருப்போம்.

எங்களுக்கு 9 வார்டு. கணக்குப்படி 6 போதும். தலைவரையும் சேர்த்துப் பத்துப் பேராக எண்ணச் சொல்லி வழக்குப் போட்டால் சிக்கலாகும், 7 வாங்குங்கள் என்றார் வக்கீல். ஆறு வரை வந்துவிட்டது. ஏழாவது கையெழுத்துக்கு ஒரு பெண் உறுப்பினர் வீட்டுக்கு நான்கு தடவை நடந்தோம். ஒவ்வொரு தடவையும் அவர் கணவர்தான் வாசலில் நின்று, “யோசிச்சுச் சொல்றோம்” என்பார். நான்காம் முறை அந்த அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, வவுச்சர் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். “புள்ளைக்கு வயித்தால போனப்ப ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் கெடந்தது நான். இவருக்கு என்ன தெரியும்?” என்றபடியே திண்ணையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். அவரே கலெக்டரிடம் மனுவைக் கொடுக்கவும் வந்தார்.

கலெக்டர் தலைவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். விளக்கம் திருப்தியில்லை என்று கோப்பு தாசில்தாருக்குப் போனது. ஏழு நாள் முன்னறிவிப்போடு ஊராட்சி அலுவலகத்திலேயே கூட்டம். தாசில்தார் நோட்டீஸையும் விளக்கத்தையும் படித்தார். அவர் எந்தப் பக்கமும் பேசக் கூடாது. கையெழுத்திட்ட ஏழு பேரில் ஒருவர் முந்தின இரவே போனை அணைத்துவிட்டார், கூட்டத்துக்கும் வரவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆறு பேர் நீக்கச் சொன்னார்கள். அதுவும் கருத்துதான், முடிவு கலெக்டர் கையில். உறுப்பினர்களை வழிக்குக் கொண்டுவந்துவிட்டால் வேலை முடிந்தது என்று யாரும் இருந்துவிடாதீர்கள். அதற்கப்புறம் ஐந்து மாதம், கோப்பு எந்த மேஜையில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே அலைந்தோம்.

நீக்க ஆணை வந்தது. தலைவர் அரசிடம் முறையிட்டிருக்கிறார், அரசு நினைத்தால் ஆணையை ரத்து செய்யலாம். அதனால் எல்லாக் காகிதங்களையும் மூன்று நகல் எடுத்து மூன்று வீட்டில் வைத்திருக்கிறோம்.

துணைத் தலைவர் பொறுப்பேற்ற வாரம் தொட்டியைத் திறந்தார்கள். ஏணியில் ஏறி நானும் எட்டிப் பார்த்தேன். அடியில் முழங்கால் அளவுக்குக் கறுப்புச் சேறு. பதினேழு வாளி அள்ளிக் கொட்டினார்கள்.