ஒப்புதல் கேட்கப் போனோம், ஆய்வுக் கேள்வி மாறியது

பொதிகை மலையில் காணிப் பழங்குடியினரோடு சேர்ந்து என் முனைவர் பட்ட ஆய்வைச் செய்தேன். பழங்குடி அறிவைத் தொடும் ஆய்வுக்கு அனுமதி வாங்குவது எப்படி என்று இளைய மாணவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதல் திட்டம் மூலிகைகள் பற்றியது. எந்த நோய்க்கு எந்தச் செடி, எந்தப் பாகம் என்று பட்டியல் எடுத்து ஆய்வகத்தில் சோதிப்பது. இடம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதி வேண்டும். அது காகித வேலை. பொறுமை இருந்தால் முடியும். நெறிமுறைக் குழுவில்தான் முதல் நல்ல கேள்வி வந்தது. ஊர்த்தலைவர் சம்மதித்தாலும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அறிவியலாளர் அல்லாத பொது உறுப்பினர் ஒருவர் அதைத் திருப்பிக் கேட்டார்: "அவர் சொல்லப்போறது ஊருக்கே சொந்தமான விஷயம்னா, அவர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டா போதுமா?" தனியாள் ஒப்புதல், ஊர் ஒப்புதல் இரண்டும் வேண்டும் என்று முடிவானது. அந்தக் குழுவிலேயே மிகத் தெளிவாக யோசித்தவர் அவர்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

பாபநாசம் அணைக்கு மேலே உள்ள ஒரு குடியிருப்பில் ஊர்த்தலைவரான மூட்டுக்காணி ஆட்களைக் கூட்டினார். படிவத்தை வாசித்து முடித்ததும் ஓர் ஆச்சி கேட்டார்: "பிள்ளே, இந்தப் பேப்பர் கடைசியில யார் கைக்குப் போவும்?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1987 டிசம்பரில் மலையின் கேரளப் பக்கம் ஓர் ஆய்வுக் குழு ஏறியது. வழிகாட்டிய காணிகள் ஏதோ ஒரு சிறு பழத்தைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடப்பதைக் கண்டு விசாரித்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பழம். அதிலிருந்து 'ஜீவனி' மருந்து வந்தது. கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்துக்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் உரிமம் தரப்பட்டது. வரும் தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அதற்கான அறக்கட்டளை பதிவானது 1997இல். உலகம் இதைப் பயன்பகிர்வுக்கு, அதாவது ஓர் அறிவால் வரும் லாபத்தை அதைத் தந்தவர்களோடு பகிர்வதற்கு, முன்மாதிரி என்று கொண்டாடியது. ஆனால் வைத்தியம் அறிந்த பிலாத்திகள் சிலர் அதற்கு முன்பே எதிர்ப்புத் தெரிவித்திருந்தார்கள். மருந்தைச் சொன்னவர்கள் வேறு, அதைச் சொல்லும் உரிமை உள்ளவர்கள் வேறு. அறக்கட்டளையும் கேரளக் காணிகளுக்கானது. மலையின் இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும்.

மூலிகை விவரம் தர முடியாது என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை, விளக்கினார்கள். பிலாத்தியின் வைத்தியத்தில் செடி மட்டும் தனியாக இல்லை; கொக்கரை என்ற இரும்பு இசைக்கருவியை இழைத்துப் பாடும் சாற்றுப்பாட்டு உண்டு, யார் எப்போது பறிக்கலாம் என்ற முறை உண்டு. என் படிவத்தில் செடியின் பெயருக்கும் பாகத்துக்கும் கட்டம் இருந்தது, இவற்றுக்கு இல்லை.

பிறகு அவர்களே ஒரு கேள்வியை வைத்தார்கள். காட்டு வள்ளிக்கிழங்கு சில இடங்களில் குறைந்துவிட்டது, தோண்டித் தின்னும் எங்களால்தான் என்று சொல்கிறார்கள், அது உண்மையா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? வழிகாட்டிப் பேராசிரியர் சம்மதித்தார். திருத்திய திட்டத்தோடு நெறிமுறைக் குழுவுக்குத் திரும்பவும் போனேன். உதவித்தொகைக் காலம் நழுவிக்கொண்டிருந்த கவலை நிறைய இருந்தது. ஆனாலும் அந்தக் கேள்வி என் கேள்வியைவிடச் சிறந்தது.

வேலை தொடங்கியதும் முறையும் மாறியது. பூவைப் பார்த்து இனம் பிரிக்கலாம் என்று மழைக்காலத்தில் களப்பணியை வைத்திருந்தேன். கொடி காய்ந்த பிறகு வா என்றார்கள். கிழங்கு முற்றுவது அப்போதுதான். காய்ந்த கொடியைப் பிடித்தே போய்த் தோண்டுகிறார்கள். கிழங்கின் தலைப்பக்கத்தைக் கொடியோடு விட்டு, குழியை மண்ணால் மூடுகிறார்கள். அது மறுபடி தழைக்கும். காட்டுப்பன்றி கிண்டிய குழி திறந்தே கிடக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குச் சொல்லித் தந்தது ஊர்ப் பெண்கள். அந்தப் பிரிவு இல்லாமல் கொடிகளை மட்டும் எண்ணியிருந்தால், பன்றி தின்றதும் அவர்கள் கணக்கில்தான் விழுந்திருக்கும். எங்கள் கணக்கேட்டில் குழிகளுக்குத் தனிப் பத்தி போட்டோம்.

சட்டப் பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். 2006 வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(1)(கே) பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்கு உரிமை தருகிறது. ஊர் எழுதித் தந்த நிபந்தனைக் கடிதத்தில் இதைக் குறிப்பிட்டோம். பல்லுயிர்ச் சட்டத்தின் 2023 திருத்தம், நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துபவர்களுக்குப் பயன்பகிர்விலிருந்து விலக்குத் தருகிறது. வாய்மொழியாக வாழும் ஓர் அறிவை எழுத்தில் கொண்டுவரும் ஆய்வாளர், அதன் பாதுகாப்பை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்று இனி இரட்டிப்பாக யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கட்டுரை வரைவை அனுப்பும் முன் ஊரில் தமிழில் வாசித்துக் காட்டினோம். கிழங்கு அதிகம் கிடைக்கும் இடங்களின் அடையாளங்களை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம். ஆய்விதழுக்கு அதன் காரணத்தை எழுதினோம், ஏற்றுக்கொண்டார்கள். கணக்கேட்டின் ஒரு படி மூட்டுக்காணி வீட்டில் இருக்கிறது. நீங்கள் திட்டம் எழுதும்போது இந்த வாசிப்புக்கும், ஊர் "வேண்டாம்" என்று சொன்னால் கேள்வியை மாற்றுவதற்கும் முதலிலேயே மாதங்களையும் பணத்தையும் ஒதுக்கிவிடுங்கள்; பாதியில் கேட்டால் கிடைப்பது கடினம்.