ஆடிக் குளிரும் ஒரு குரோஷா ஊசியும்

ஜோகன்னஸ்பர்க்கில் குளிர் என்று ஊரில் சொன்னால் இன்னும் யாரும் நம்புவதில்லை. "ஆப்பிரிக்காவில என்னடி குளிரு?" என்று அம்மா போன வாரம்கூடக் கேட்டாள். கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர் இது, ஊட்டியைவிட ஐந்நூறு மீட்டர் போலத்தான் குறைவு. ஜூலையில் விடிகாலை வாசல் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். பகலில் வெயில் பளீரென்று அடிக்கும், மழை கிடையாது, ஆனால் வீடுகளை வெயில் காலத்தை மட்டும் நினைத்துக் கட்டியிருக்கிறார்கள் போல, வெளியே நிற்பதைவிட உள்ளே உட்கார்ந்தால்தான் நடுங்கும். மார்கழியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கோலம் போட்டு வளர்ந்த எனக்கு, இங்கே மார்கழி உச்சக் கோடை, குளிர் வருவது ஆனி ஆடியில். பழக ரொம்ப நாளாயிற்று.

சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கும் அந்த மாதங்களில் கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று முதலில் நான் வாங்கியது வாட்டர்கலர் பெட்டி. இங்கத்திய குளிர்காலக் காற்றில் ஈரமே கிடையாது. வானத்துக்கு நீலத்தைப் பூசி, மேகத்தின் ஓரத்தைக் கரைக்கலாம் என்று தூரிகையைக் கழுவி வருவதற்குள் நீலம் காய்ந்து கோடாக நிற்கும். அடுத்த வருடம் களிமண். பிசைந்தால் விரல் மரத்துப்போகும். இரண்டுமே அலமாரிக்கு மேலே ஏறிவிட்டன.

அப்புறம்தான் ஆயா. ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர்கள் அதிகம் வாழும் லெனேசியாவில், எங்கள் தெருக்கோடி வீடு அவருடையது. பேரப்பிள்ளைகள் ஆயா என்று கூப்பிடுவதை முதலில் கேட்டபோது எனக்குப் பால்வாடி ஆயாதான் ஞாபகம் வந்தது. இங்கே தமிழ் வீடுகளில் பாட்டியைத்தான் அப்படிச் சொல்வார்கள். 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழியில் வந்தவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். தமிழைத் துண்டு துண்டாகத்தான் பேசுவார், ஆனால் கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷாவைச் சொல்லிக்கொடுக்க அது போதும். "கழட்டு. இன்னொரு தரம் போடு." முதல் மாதம் முழுக்க நான் கேட்டது இவ்வளவுதான்.

இந்தக் குளிரில் கை எப்படி வெடிக்கும் என்றால், கம்பளி நூலை இழுக்கும்போது விரல் நுனித் தோலில் சிக்கிச் சிக்கி வரும். வாசலினைத் தடவிக்கொண்டு அரை மணி நேரம் சும்மா இருந்துவிட்டுத்தான் ஊசியைத் தொட வேண்டும், ஆயா வீட்டில் இது சட்டம். அந்த அரை மணி நேரம்தான் தெருக்கதை எல்லாம். ஒருமுறை ஆசைப்பட்டு மோஹேர் நூல் ஒரு கண்டு வாங்கினேன். உலக மோஹேரில் பாதிக்குப் பக்கம் இந்த நாட்டில்தான் விளைகிறது, கரூ என்கிற வறண்ட நிலப்பகுதியின் அங்கோரா ஆட்டு முடி. விலையைச் சொன்னால் என் வீட்டுக்காரர் படித்துவிடுவார், வேண்டாம். அதில் தப்புப் போட்டால் பிரிக்கவும் முடியாது, மயிரிழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அந்த மஃப்ளரில் மூன்றாவது வரிசையில் ஒரு ஓட்டை அப்படியே இருக்கிறது.

2023இல் மின்வெட்டு இதுவரை இல்லாத அளவுக்கு இருந்ததே, அந்தக் குளிர்காலத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆயா பாட்டுக்கு விரலால் தடவிக் கண்ணி எண்ணிக்கொண்டிருப்பார், நான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டிருப்பேன். ஹீட்டர் கிடையாது. ஆனால் போர்வை வளர வளர மடியில் விழும் இல்லையா, பாதி முடிந்ததுமே முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். செய்துகொண்டிருக்கும்போதே நம்மைச் சூடாக்குகிற கைவேலை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். வாட்டர்கலர் இந்த உபகாரத்தைச் செய்யவில்லை.

இங்கே சந்தைகளில் பல நிறத் தொலைபேசிக் கம்பியில் பின்னிய ஜூலு கூடைகள் கிடைக்கும். இரவுக் காவலாளிகள் மிச்சக் கம்பியைத் தங்கள் தடியில் சுற்றிப் பின்னத் தொடங்கியதில் வளர்ந்த கலை. ஜூலை மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு வெளியே காவல் நின்றவர்களின் கை அது. கூடையைத் தொடும்போதெல்லாம் எனக்கு அதுதான் தோன்றும்.

ஜூலை 18 மண்டேலா பிறந்தநாள், ஆடி பிறந்து இரண்டொரு நாளில் வரும். அவர் பொதுவாழ்வில் இருந்த 67 வருடத்துக்காக அன்றைக்கு எல்லாரும் 67 நிமிடம் யாருக்காவது உழைக்க வேண்டும் என்பது வழக்கம். 2013 கடைசியில் அவருடைய உதவியாளராக இருந்த ஜெல்டா லா கிரேஞ்ச் ஒரு தோழியிடம், 67 போர்வை பின்னிக் காட்டு பார்ப்போம் என்று சவால் விட, அது நாடு முழுக்கப் பரவி ஆணும் பெண்ணும் ஊசி எடுத்துவிட்டார்கள். நாங்களும் வருடா வருடம் சதுரம் சதுரமாகப் பின்னிச் சேர்த்து ஒரு போர்வை கொடுக்கிறோம். எனக்கு ஒரு சதுரம் போட 67 நிமிடம் சரியாக இருக்கும், ஆயாவுக்கு அதில் மூன்று.

இந்த வருடம் சதுரங்களில் கோலம் போட்டுப் பார்த்தேன். சிக்குக் கோலம் ஒத்துவரவில்லை, வளைவெல்லாம் படிக்கட்டாகிவிட்டது. நட்சத்திரக் கோலம் கணக்கு நோட்டில் கட்டம் கட்டமாக நிரப்பி, நிரப்பிய கட்டத்துக்கு அடைத்த தையல், காலிக்கு ஓட்டை என்று போட்டால் அழகாக வந்தது. ஆயா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழட்டச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். "எங்க அம்மா வாசல்ல போடுவாங்க, இந்த மாதிரி" என்றார்.

அந்தச் சதுரம் போர்வையில் சேரவில்லை. அவர் டிவிக்கு மேலே இருக்கிறது.