ஊன்றிய பாதத்தில் அம்மாவின் நேர்த்தி

தங்கச்சிக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகப் பிள்ளை இல்லை. அம்மா ஏறி இறங்காத கோயில் இல்லை, வைக்காத நேர்த்தி இல்லை. கடைசியில் ஒரு நாள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தூரத்தில் தெரிந்த, உச்சியில் சிவன் பாதம் பதிந்திருப்பதாக நாங்கள் கும்பிடும் சிவனொளிபாத மலையைப் பார்த்து, "உலகத்தையே படைச்ச சாமி, எம் மகளுக்கு ஒரு உசுரைப் படைச்சுத் தரமாட்டியா?" என்று கேட்டிருக்கிறார். அன்று சாயந்தரமே மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். போன ஐப்பசியில் பேத்தி பிறந்தாள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம். மழை மூட்டம் இல்லாத காலையில் மலை உச்சி பளிச்சென்று தெரியும். அதைப் பார்க்காமல் அம்மா ஒரு நாளும் முதல் கொழுந்தைக் கிள்ளியதில்லை. ஆனால் இப்போது முழங்கால் தேய்ந்துவிட்டது, படி ஏறக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். "மலை எனக்குப் புதுசா புள்ள? பொறந்ததுல இருந்து மலையிலதான நிக்கிறேன்" என்று அம்மா கிளம்பிவிட்டார். பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு தங்கச்சியால் வர முடியவில்லை. அவள் வீட்டுக்காரர், அம்மா, நான் மூவருமாகப் புறப்பட்டோம். சிவராத்திரி விரதம் முடிந்த பிறகு வந்த போயா என்ற பௌர்ணமி விடுமுறை அது.

மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ் மவுசாகலை நீர்த்தேக்கத்தை ஒட்டியே ஓடுகிறது. பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. வரட்சியில் நீர் வற்றினால் பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் சேற்றுக்கு மேலே தலைகாட்டும். அன்றும் கற்சுவர்கள் வெளியே தெரிந்தன. அம்மா ஜன்னல் வழியே கையெடுத்துக் கும்பிட்டார். ஆக்குவதும் அவன், தண்ணீரில் ஒடுக்குவதும் அவன்.

நல்லதண்ணியில் இறங்கியது முதல் எரிச்சல்தான். ஆட்டோக்காரர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. நடந்தே போகக்கூடிய தூரத்துக்குக் கேட்ட காசைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கடைக்குக் கடை ஸ்பீக்கர். தொதல், மஸ்கெற் என்று இனிப்பு விற்பதற்கு இத்தனை சத்தம் எதற்கு? "வரிசையில நிக்காம மேல கொண்டுபோய் விடுறேன் அம்மா" என்று ஒருவன் பின்னாலேயே வந்தான். சாமிக்குச் செய்ய வருகிற சனத்திடம் இப்படிப் பிடுங்குவது பாவம். அம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "நமச்சிவாய" என்று முதல் படியில் கால் வைத்தார்.

இரவெல்லாம் ஏற்றம். ஐயாயிரம் படிக்கு மேல் என்பார்கள், உச்சி 2243 மீற்றர். எதிரே இறங்கி வரும் சிங்களச் சனம் "கருணாவய்" என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். அம்மா வேகமாக ஏறவில்லை, நிற்கவும் இல்லை. கொழுந்து மலையில் ஏறுகிற அதே நடை. மூச்சு வாங்கியதெல்லாம் எனக்கும் மாப்பிள்ளைக்கும்தான்.

பாதி வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் அட்டனிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் நானாவும் அவர் மனைவியும் எங்களோடு உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு இது பாவாத மலை. ஆதம் நபி சொர்க்கத்திலிருந்து இறங்கி முதலில் கால் பதித்தது இங்கேதான், செய்த பிழைக்கு வருந்தி ஒற்றைக் காலில் ஆயிரம் வருஷம் நின்றார் என்று சொன்னார் நானா. "களிமண்ணுல படைச்ச முதல் மனுசன் தங்கச்சி. நீங்க நானு எல்லாம் அவரு பிள்ளைகதான்" என்றார். அம்மா அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

1344இல் இப்னு பதூதா என்ற மொரோக்கோ யாத்திரிகர் இந்த மலைக்கு வந்தபோது, யாழ்ப்பாண மன்னர் ஆரியச்சக்கரவர்த்தி அவருக்குத் துணையாக யோகிகள் நால்வரை அனுப்பினார் என்பதை நானாவிடம் சொன்னேன். ஆண்டுதோறும் இந்தப் பாதத்துக்கு யாத்திரை போகிறவர்கள் அவர்கள் என்று பதூதாவே எழுதி வைத்திருக்கிறார். ஆதமின் பாதத்தைத் தேடி வந்தவருக்கு யோகிகள் வழித்துணை! நானாவுக்கு அப்படியொரு சந்தோஷம். தேத்தண்ணிக்குக் காசு கொடுக்க எங்களை விடவேயில்லை.

நம் சைவம் சொல்லும் படைப்பு வேறு. ஆரம்பமே இல்லாத காலம் முதல் உயிர்கள் ஆணவம் என்ற அறியாமை இருளில் கண் திறக்காமல் கிடக்கின்றன. சிவன் அவற்றின் மேல் இரக்கப்பட்டு, மாயை என்ற மூலப்பொருளிலிருந்து உடம்பையும் கருவிகளையும் உலகத்தையும் அனுபவத்தையும் ஆக்கிக் கொடுக்கிறான். தனு, கரணம், புவனம், போகம் என்பது அதைத்தான். உலகம் அவனுக்குத் தேவையில்லை, நமக்குத்தான் தேவை. எங்கள் தோட்டத்துக் கோயிலில் ஒரு பெரியவர் இதைச் சொல்லித் தந்தபோது நான் சின்னப் பிள்ளை. வாயால் ஒப்பித்தேனே தவிர மனதில் ஏறவில்லை. தங்கச்சி மகளை முதன்முதலாகக் கையில் வாங்கிய அன்றுதான் ஏறியது. கண்ணே திறக்காமல் கிடந்தாள், அவளுக்கு ஓர் உடம்பு வந்திருந்தது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே வரிசை நின்றுவிட்டது. ஒரு படி ஏறினால் அரை மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. காற்று காதை அறுத்தது. பின்னாலிருந்து தள்ளினார்கள், சூரிய உதயத்தைப் படம் எடுக்க வேண்டுமாம்! வயதான ஒரு மனுஷி குளிரில் நடுங்கிக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நிற்கிறார், அவரையும் இடித்துக்கொண்டு போனால் அது யாத்திரையா? மாப்பிள்ளை அம்மாவைச் சுற்றிக் கையை வைத்து மறித்துக்கொண்டே நின்றார். கிழக்கு வெளுத்தது. உச்சியிலிருந்து பார்க்க முடியாது என்று தெரிந்துபோனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் மேலே முரசு அதிர்ந்தது. விடியற்காலைப் பூசைக்கு அங்கே பறைகொட்டிக் குழல் ஊதுவார்கள். அந்தச் சத்தம் பாறையில் மோதிப் படிவழியே இறங்கி எங்கள் மேல் விழுந்தது. அதே நேரம் மேகத்துக்கு மேலே ஒரு கீற்றாகச் சூரியன். தோற்றம் உடுக்கையில் என்றுதானே படித்திருக்கிறோம். கூத்தாடும் சிவன் கையில் அது அதிர, இல்லாததெல்லாம் உண்டாகிறது. அதுவரை வெறும் இருட்டாக இருந்த இடத்தில் மலை வந்தது, காடு வந்தது, மவுசாகலைத் தண்ணீர் வந்தது, தேயிலை வந்தது. பக்கத்தில் இருந்தவர்களின் முகங்கள் வந்தன. "சிவசிவ" என்றார் அம்மா. வேறு எதுவும் எனக்கு ஓடவில்லை. உச்சியில் நின்றிருந்தால் நானும் போனைத்தான் தூக்கியிருப்பேன். அவன் எங்களை நிறுத்தி வைத்த படி அது.

மேலே அர்ச்சனைத் தட்டு இல்லை, ஐயர் இல்லை, பிக்குமாரின் பொறுப்பில் இருக்கும் சந்நிதி. பூவும் துணியும் மூடிய கல்லைத் தொட்டுக் கும்பிட ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது, பின்னால் வரிசை நெருக்கும். உண்மையான பாதம் அந்தப் பாறைக்கும் கீழே இருக்கிறது என்பார்கள். ஆட்டத்தில் ஊன்றிய திருவடிதான் மறைத்தலைச் செய்கிறது, தூக்கிய திருவடி அருளைத் தருகிறது. பன்றியாகி மண்ணைக் குடைந்த திருமாலுக்கே எட்டாத அடி அது. நமக்கு மட்டும் அப்படியே கண்ணுக்குத் தெரிந்துவிடுமா?

இருந்தாலும், இத்தனை கஷ்டப்பட்டு வந்த அம்மாவுக்குப் பாதத்தைப் பார்க்க முடியவில்லையே என்று எனக்கு ஆற்றாமை. வெளியே வந்ததும் கேட்டேன்.

"வேரைப் பாத்துட்டா கொழுந்து பறிக்கிறோம்?" என்றார் அம்மா.

முடிச்சை உண்டியலில் போட்டது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. வருஷக்கணக்காகச் சாமிப் படத்துக்குப் பின்னால் புகை பிடித்துக் கறுத்த மஞ்சள் துணி. பிரிக்கவில்லை. இரண்டு கையாலும் ஏந்தி நெற்றியில் ஒற்றி, பேத்தியின் பெயரை மூன்று தரம் சொல்லிவிட்டுப் போட்டார். கொழுந்துக் காம்பு கிழித்துக் கிழித்து ரேகையெல்லாம் கறுத்துப்போன விரல்கள். அந்த விரல் நடுங்கி நான் அதுவரை பார்த்ததில்லை.

இறக்கம்தான் அம்மாவை வாட்டியது. சீத கங்குலை ஓடையில் காலை நனைத்து, சித்தாலேப தேய்த்து, மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். வழியில் நானா வீட்டார் மறுபடி வந்து சேர்ந்தார்கள். அந்த மனைவி தன் பையிலிருந்து பேரீச்சம்பழப் பொதியை எடுத்து "பிள்ளையோட உம்மாவுக்குக் குடுங்க" என்று அம்மாவின் கையில் வைத்தார். எந்தப் பெயரில் கூப்பிட்டால் என்ன, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கிற மலை அது.

கூட்டம், குளிர், பிடுங்கிய காசு எல்லாம் வீடு வந்து குழந்தையைத் தூக்கியதும் போய்விட்டது. அப்பனே, நாங்கள் கேட்டது ஒரே ஒரு உயிர். அதைத் தருவதற்கு முன்னால் அவளுக்கென்று மண்ணையும் நீரையும் காற்றையும், தேய்ந்த முழங்காலோடு மலையேறுகிற ஓர் அம்மாயியையும் ஆக்கி வைத்திருந்தாயே. எங்கள் குடும்பம் உனக்கு எத்தனை பிறவி கடன்பட்டிருக்கிறது! பேத்தி நடக்கத் தொடங்கியதும் அவளையும் கூட்டிக்கொண்டு வருவதாக அம்மா அடுத்த காசை முடிந்து வைத்தாகிவிட்டது. இந்தத் தடவை தங்கச்சியும் சேர்ந்து முடிந்தாள்.