பேர் வெட்டாத ஜாடி

போன நவம்பரில் வீடியோ காலில் அம்மாவிடம் ஒரு சிவப்புக் கண்ணாடி ஜாடியைத் தூக்கிக் காட்டினேன். "ரொம்ப அழகா இருக்கேடி, என்ன விலை?" என்றார். 12 யூரோ, பழைய சாமான் கடையில் கிடைத்தது என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஏண்டி, ஊரான் புழங்கினதை வாங்கி வைக்கிற அளவுக்கா அங்க கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அப்பா குரலைத் தாழ்த்தி, "பணம் ஏதும் அனுப்பட்டுமாம்மா?" என்றார்.

அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. பின்லாந்தின் எஸ்போவுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. பனியில் வழுக்காமல் நடக்கத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரரோடு பேசாமல் பத்து நிமிடம் நிற்கவும் தெரியும். இந்த ஊர் பழகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் அந்த ஒரு கேள்வி என்னை மதுரை வீட்டு வாசற்படியில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டது.

அந்த வாசலில் பழையது எப்போதும் வெளியே போகும், உள்ளே வராது. பழைய புடவைகளை எடைபோடுவது மாதிரிக் கையில் தூக்கிப் பார்த்து, ஒரு எவர்சில்வர் பேசினைக் கொடுத்துவிட்டுப் போகும் பாத்திரக்காரம்மா. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவர். நாங்கள் கொடுத்தது யார் வீட்டுக்குப் போனது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இங்கே அது போய்ச் சேரும் இடத்துக்குப் பெயர் கிர்ப்புத்தோரி. செல்லமாகக் கிர்ப்பிஸ். விற்க வருகிறவர் ஒரு மேசையை வாரக் கணக்கில் வாடகைக்கு எடுத்து, பொருள்களில் விலைச்சீட்டு ஒட்டி வைத்துவிட்டுப் போய்விடுவார். பணத்தைக் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். பேரம் பேச எதிரில் ஆளே இல்லை. புதுமண்டபத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பேரம் கற்ற எனக்கு முதல் வருடம் அது பெரிய ஏமாற்றம்!

முதலில் வாங்கியது 4 யூரோவுக்கு ஒரு தட்டு. விளிம்பிலிருந்து நடு வரை வளையம் வளையமாகக் கண்ணாடி முத்துகள். காஸ்தேஹெல்மி என்று பெயர், பனித்துளி என்று அர்த்தம். ஒய்வா தொய்க்கா என்ற வடிவமைப்பாளர் 1964-ல் செய்தது. அச்சில் அழுத்திச் செய்யும் கண்ணாடியில் அச்சின் இணைப்புக் கோடு தெரியும். அந்தத் தழும்பை மறைக்கத்தான் அவர் முத்துகளை வைத்தார். மார்கழிக் காலையில் கோலம் போடும்போது பூசணி இலையில் நிற்குமே பனி, அதே அழகு. நூத்தாயார்வி என்ற ஊரில் 1793-ல் தொடங்கிய கண்ணாடி ஆலையில் வார்த்தது. 2014-ல் அந்த ஆலையை மூடிவிட்டார்கள்.

அப்புறம் விடவில்லை. விளிம்பை நகத்தால் தடவிச் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். விரலால் சுண்டிக் கேட்பேன். விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். ஆச்சி மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது இதே மாதிரிதான். வெண்மை படர்ந்து மங்கிய கண்ணாடியை மட்டும் எடுப்பதில்லை. எவ்வளவு தேய்த்தாலும் அது தெளியாது.

அம்மா பார்த்த சிவப்பு ஜாடி ரீஹிமாக்கி ஆலையில் செய்தது. தமாரா அலடின் என்ற பெண்மணி அங்கே வடிவமைத்தவை இப்படித்தான் இருக்கும்: கனமான கண்ணாடி, இடுப்பில் அடுக்கடுக்காக மடிப்புகள், பம்பரத்தையும் உடுக்கையையும் சேர்த்தது மாதிரி. அங்கே 1976-ல் கையால் ஊதுவதை நிறுத்தினார்கள், 1990-ல் ஆலையே நின்றது. அந்த ஊரில் இப்போது கண்ணாடி அருங்காட்சியகம் இருக்கிறது. ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என் ஜாடியின் உறவுக்காரர்கள் எல்லாம் வரிசையாக நின்றார்கள்.

டிசம்பர் கடைசியில் இங்கே பகல் ஆறு மணி நேரம்கூட இருக்காது. வெயில் தலைக்கு மேலே ஏறாமல் மரங்களுக்கு நடுவே சாய்வாக வரும். ஜன்னலில் இருக்கும் ஜாடி வழியாக அது நுழையும்போது சுவரில் ஒரு குங்குமப்பொட்டு விழும். பத்து நிமிடம் இருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று பார்ப்பேன்.

ஆனால் அம்மா கேட்டது வேறு: யார் வீட்டுப் பொருள்? அதற்கு எனக்குப் பதில் தெரியும். பின்னிஷ் மொழியில் குவோலின்பெசா என்று ஒரு சொல் உண்டு. இறந்தவர் விட்டுப்போன சொத்து என்று பொருள். பிரித்தால் சாவு, கூடு. ஒரே மேசையில் கண்ணாடிக் கிண்ணமும், பின்னிய கையுறையும், பாதி கரைந்த மெழுகுவத்தியும் சேர்ந்து இருந்தால், ஒரு அம்மாவின் வீட்டை யாரோ காலி செய்கிறார்கள் என்று புரிந்துவிடும். ஜாடியை அப்படி ஒரு மேசையிலிருந்துதான் எடுத்தேன். துடைத்து வைத்திருந்தார்கள். விற்கப்போகும் பொருளை அவ்வளவு சுத்தமாகத் துடைத்த கையை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது.

எங்கள் வீட்டுப் பரணில் அம்மாவின் கல்யாணப் பாத்திரங்கள் இருக்கின்றன. அண்டா, குடம், தூக்குவாளி, எல்லாவற்றிலும் பேர் வெட்டியிருக்கும். கொடுத்தவர் பேர், தேதி, அன்பளிப்பு. சின்ன வயதில் அவற்றைக் கவிழ்த்து எழுத்துக்கூட்டி வாசித்துதான் சொந்தக்காரர்களைத் தெரிந்துகொண்டேன். கிர்ப்பிஸில் ஒவ்வொரு ஜாடியையும் கவிழ்த்துப் பார்க்கும்போது அந்தப் பரண் வாசனை வரும். தம்பி பெங்களூர் அடுக்குமாடியில் இருக்கிறான், அங்கே பரணே கிடையாது. நான் இங்கே. அந்தப் பாத்திரங்களை யார் துடைத்து, எந்த மேசையில் வைப்பார்கள்?

மார்ச்சில் அம்மாவே கேட்டார். "அந்தச் சிவப்பு ஜாடி இருக்கா? அடியில என்ன பேர் வெட்டியிருக்கு?"

கவிழ்த்து கேமராவில் காட்டினேன். மேசையில் வைத்து வைத்து எடுத்த கீறல்கள் மட்டும்தான். ஆலையின் பெயர்ச்சீட்டு எப்போதோ உரிந்திருக்க வேண்டும்.

"பாவம், யார் ஆசையா வச்சிருந்தாளோ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உன் பேர் வெட்டின குடம் ஒண்ணு பரண்ல கிடக்கு. இந்தத் தடவை எடுத்துட்டுப் போறியா?"

ஜூலையில் வருகிறேன், எடுத்துக்கொள்கிறேன் என்றேன். பெட்டியில் 23 கிலோதானே விடுவான், குடம் எப்படி நுழையும் என்று பின்னாலிருந்து அப்பா கேட்டார்.

"குடத்துக்குள்ள துணியை அடைச்சா போச்சு" என்றார் அம்மா.