பச்சைப் பட்டினியில் சமயபுரம் நடை

போன வருஷம் பாதியில் நின்றுபோன நடை இது. மகளுக்கு அம்மை இறங்கி, வேப்பிலை போட்டு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்றே, "திருச்சியிலிருந்து வெறுங்காலோடு நடந்து வர்றேன் தாயே" என்று சமயபுரம் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

அந்தப் பங்குனியில் வீட்டு வேலையை முடித்துக் கிளம்பவே ஒன்பது மணி. சொட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று வீம்பு வேறு. திருவானைக்காவல் வரை ஒன்றும் தெரியவில்லை. கொள்ளிடம் பாலத்தில் தார் பொசுக்கியது; ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே கால் வைத்து நடந்தேன். பாதிப் பாலத்தில் உடம்பு சில்லென்று வியர்த்தது, காது அடைத்தது, உட்கார்ந்துவிட்டேன். மஞ்சள் புடவைப் பாட்டி ஒருவர் தூக்குவாளியைத் திறந்தார்.

"ஏம்மா, பச்சைப் பட்டினியில ஆத்தாளே நீர்மோரும் பானகமும் குடிச்சுக்கிட்டு இருக்கா. நீ அவளைவிடப் பெரியவளா? குடி."

உப்புக் கரித்த அந்த மோர் இன்னும் நாக்கில் இருக்கிறது. என்னை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் அவர் நடந்தார். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் நமக்காக அம்மன் இருக்கும் விரதம்தான் பச்சைப் பட்டினி. படைப்பது இளநீர், பானகம், நீர்மோர், துள்ளுமாவு. அத்தனையும் வெயிலுக்கு இதமானவை. சின்ன வயதிலிருந்து தெரிந்ததுதான், எனக்கு உறைக்கவில்லை.

இந்த வருஷம் அத்தையும் நானும் விடிகாலை மூன்று மணிக்கே கிளம்பினோம். பருத்திப் புடவை, தோளில் ஈரத்துண்டு, தூக்கு நிறைய மோர். தாகம் எடுக்கும் முன்பே அத்தை நிறுத்தி நிறுத்திக் குடிக்க வைத்தார். வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும் என்பார். கொள்ளிடத்தில் நல்ல காற்று. நம்பர் ஒன் டோல்கேட் தாண்டும்போது விடிந்தது, வெயில் ஏறுமுன் கோயில் வாசல்.

அங்கேதான் பாடு. கேட்காமலே தேங்காய்த் தட்டைக் கையில் திணிக்கிறார்கள். "சீக்கிரம் பார்க்கலாம், வாங்கக்கா" என்று ஒருவர் பின்னாலேயே வந்தார். நெரிசலில் அத்தையின் கை நழுவியபோது நெஞ்சே பதறிவிட்டது.

சன்னிதியில் அந்த முகம். எலுமிச்சை மாலைக்கு மேலே அந்தக் கண்கள். மகள் பெயரைச் சொல்லி நன்றி சொல்லத்தான் வந்தேன். அவள் பட்டினி கிடக்கிறாளே என்ற நினைப்பில் தொண்டை அடைத்து, "நீ மோர் குடிச்சியா தாயே" என்றுதான் வாயில் வந்தது. பின்னாலிருந்தவர்கள் தள்ள, அழுதுகொண்டே நகர்ந்தேன்.